ஆதாயச் சொற்கள்

மணி பத்தாகி ஏழு நிமிடம் ஆகிவிட்டது, புட்டியின் அடி இன்னும் காய்ந்துதான் கிடந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைப்பம்பை அழுத்திக்கொண்டிருந்த சுகந்திக்கு இது புதிது. ஐம்பத்துமூன்று நாட்களில் ஒருநாள்கூடப் பால் அவளைக் காக்கவைத்ததில்லை. வேண்டாம், போ என்று அவள் அழுத நாட்களிலேயே ரவிக்கையை நனைத்துக்கொண்டு வந்து நின்ற சனியன், இன்றைக்கு என்ன வந்தது அதற்கு. அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். பதினோரு மணிக்கு ஹெப்சி அக்கா வந்துவிடுவாள். ஐஸ் பெட்டியை ஹாலில் இறக்கிவைத்து, காலிப் புட்டிகளைக் கொடுத்து, நிறைந்ததை வாங்கி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிக்கொண்டு போவாள். இன்று போவதற்கு முன்னால் உட்காருவாள். நேற்றே போனில் சொல்லிவிட்டாள், "நேர்ல ஒரு விஷயம் பேசணும் சுகந்தி" என்று. என்ன விஷயம் என்பது சுகந்திக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. ஏழரை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டது, பால் மட்டும் போக மறுத்தது. வற்றவைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாள் டாக்டரம்மா. அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் ஹெப்சி வந்தாள், ஒரு டிரஸ்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு. பால் இல்லாத தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, வீடு வீடாக வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறோம், நீங்கள் மனசு வைத்தால் என்றாள். மனசு வைத்தது யார், சுகந்தியா, மார்பா? அந்தக் குழந்தையிடமிருந்து மிச்சம் இருப்பது இந்தப் பால் ஒன்றுதான். கொடுக்க ஓர் இடம் இருக்கும்வரை கறக்க ஒரு சாக்கு இருக்கும், கறக்கும்வரை அது வற்றாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவன் நவநீதனிடம்கூட.

பக்கத்தில் மெத்தைமேல் அச்சுப்படிகள் விசிறிக் கிடந்தன. பிரசவ விடுப்புதான், ஆனால் வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே கேட்டு வாங்கிய வேலை. ஆர்.எஸ்.புரத்துப் பதிப்பகம் ஒன்று மாணவர்களுக்காகச் சொற்களஞ்சியம் போடுகிறது, ஒரே பொருளைச் சுற்றி வரும் சொற்களையெல்லாம் ஒரு கூட்டில் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியம் எழுதுவது சுகந்தியின் பாடு. பதிப்பாசிரியர் சம்பந்தம் ஐயா கறாரானவர். வாக்கியத்தில் வரும் ஆள் நல்லவனாக இருக்க வேண்டும், சாவு வரக்கூடாது, சாதி வரக்கூடாது, வசைச் சொல்லாக இருந்தால் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். இன்றைய பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஐயா மேலேயே சந்தேகம் வந்தது. ஏதாவது ஒரு பொருளை ஆதாயம் தரும் ஒன்றாக மாற்றிக்கொள்வதற்கான சொற்கள். பணமாக்கு, வருவாயாக்கு, வணிகமாக்கு, காசாக்கு, காசு பார், பிழைப்பாக்கு, கல்லா கட்டு, கற. ஊரில் வேறு சொல்லே இல்லையா, இந்த வாரம் பார்த்து இது எனக்கு வர வேண்டுமா, இவருக்கு யாராவது போன் போட்டுச் சொல்லியிருப்பார்களா. யார் சொல்லப்போகிறார்கள், பாவம், தலைப்புகளின் அகர வரிசையில் வந்து தொலைத்திருக்கிறது. அழுத்தினாள், விட்டாள். வருவாயாக்கு என்பதற்கு நட்சத்திரம் வேண்டாம், அதை மாநகராட்சி செய்யும், குப்பையை வருவாயாக்கியது மாநகராட்சி, கைதட்டலாம். அதையே ஒரு குப்பை பொறுக்குகிறவள் செய்தால் காசாக்கினாள், கொஞ்சம் முகம் சுளிக்கலாம். செய்த காரியம் ஒன்றுதான், செய்த ஆளைப் பார்த்துத்தான் சொல் வருகிறது. அப்பா இருந்தபோது ஒருநாள் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒற்றைக்கால் மனிதன் ஒருவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான், மில்லில் வேலை செய்தவன், லாரி ஏறிக் கால் போனது, அப்பாவுக்குத் தெரிந்தவன்தான். தட்டில் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்ததும் அப்பா சொன்னார், "போன காலையும் காசாக்கிப்போட்டான் பாரு." சுகந்தி சிரித்தாள். எட்டு வயதுக்கு அது நல்ல வேடிக்கைதான். அந்த மனிதன் திரும்பிப் பார்த்தானா, காதில் விழுந்ததா என்று அன்று அவள் யோசிக்கவில்லை, இன்றைக்கு யோசிக்கிறாள், அதுவும் நான்காவது முறையாக. போன காலை. போன குழந்தையை. சீ, என்று தலையை உதறிக்கொண்டாள்.

கீழ்வீட்டு விஜயா ஆரம்பித்துவைத்ததுதான் இத்தனையும். நல்லவள்தான், குழந்தை போன அன்று முதலில் ஓடிவந்தவள், ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவள். மூன்று நாள் முன்னால் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது கேட்டாள், "ஏனுங்க சுகந்தி, அந்தப் பொம்பள தினமும் பொட்டில எடுத்துட்டுப் போகுதே, அதுக்கு உங்களுக்கு என்ன குடுக்கறாங்க?" ஒன்றும் இல்லை என்றதற்கு அவள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள். "சும்மாவா? எங்க நாத்தனா ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில வேல செய்யறா. அங்கெல்லாம் தாய்ப்பாலு வெலைக்குங்க. நீங்க சும்மா குடுக்கறது அங்க போகுதோ என்னமோ, யாரு கண்டா. எதைத்தான் காசு பாக்காம விடறாங்க இந்த ஊருல." காசு பார். இந்தச் சொல்லுக்கு என்ன வாக்கியம் எழுதுவது. பார்த்தால் போதும், காசு அங்கேயே இருக்கும், பார்க்கத் தெரியாதவர்கள்தான் ஏமாளிகள் என்பது போல அல்லவா இருக்கிறது. அன்று முதல் ஹெப்சியைச் சுகந்தி பார்க்க ஆரம்பித்தாள். செருப்பு புதிது. கைக்கடிகாரம் பழையது, அது ஒரு வேடமாகக்கூட இருக்கலாம். புட்டிமேல் ஒட்டும் சீட்டில் சுகந்தி என்று எழுதுகிறாள், பேனா அழுத்தமாக ஓடுகிறது, பொய்க்காரிகளின் கையெழுத்து அழுத்தமாகவா இருக்கும்? தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருநாள் வரவில்லை, அன்றைய பாலை எடுத்துக்கொண்டு போக ஒரு பெரியவரை அனுப்பினாள், அந்தப் பெரியவர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனாரா? கேட்டால் ரசீது காட்டுவாள். ரசீது அடிக்க எவ்வளவு நேரமாகும், அச்சகத்தோடு பழகியவளுக்குத் தெரியாதா. அப்புறம் நவநீதன். முந்தாநாள் வேலைவிட்டு வந்தவன் படியிலேயே ஹெப்சியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னான், "டிரஸ்டுல காலண்டர் போடறாங்களாம். பால் குடுக்கற அம்மாமாருக போட்டோ போட்டு. உன்னோடதும் கேக்கறாங்க. குழந்தை இல்லாமலும் குடுக்கற அம்மான்னு ஒரு வரி எழுதுவாங்களாம். செலவு ஒரு நகைக்கடை ஏத்துக்குது. உன் இஷ்டம்." உன் இஷ்டம் என்று சொல்பவன் ஏன் தட்டைப் பார்க்கிறான். அவள் முகத்தைக் கேட்கிற விஷயத்தை அவனிடம் ஏன் முதலில் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்துப் பால்கனியில் நின்று யாரோடோ பேசினான், "செரி செரி, நான் சொல்றேன்" என்றான், எதைச் சரி என்றான், எதைச் சொல்கிறான்? கம்பெனி மேனேஜராக இருக்கும். மேனேஜரிடம் இவ்வளவு மெதுவாகப் பேசுவானா? அவள் முகம், கீழே ஒரு வரி, அதற்கும் கீழே நெக்லஸ். பன்னிரண்டு மாதத்தில் அவளுக்கு எந்த மாதம் கொடுப்பார்கள். கடையில் நகை வாங்குகிறவன் அந்தக் காலண்டரை இலவசமாகச் சுருட்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் மாட்டுவான், அதில் எண்ணெய் தெறிக்கும்.

இருபது நிமிடம். இடது பக்கம் மாற்றினாள். இந்தப் பக்கம்தான் எப்போதும் தாராளம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயிற்று, சோம்புத் தண்ணீர் குடித்தாயிற்று, கவலைப்பட்டால் இறங்காது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருக்கிறாள், கவலைப்படக்கூடாது என்று நினைப்பதும் ஒரு கவலைதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. கற என்ற சொல்லில் பென்சில் நின்றது. தொழிலாளிகளிடம் கறந்தார்கள் என்று எழுதினால் நட்சத்திரம் போட வேண்டும். மாடு கறந்தார்கள் என்றால் வேண்டாம். கோபியில் மாமா வீட்டில், கல்லூரி விடுமுறைக்குப் போயிருந்த சமயம், சிவப்புப் பசு ஒன்று கன்று போட்டு நாலாம் நாள் கன்று செத்துப்போனது. மாமா தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைக்கச் சொல்லி, நாலு குச்சிக் காலோடு அதைப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு நக்கியது. நக்க நக்க மடியில் பால் இறங்கியது, மாமா பாத்திரத்தோடு உட்கார்ந்துவிட்டார். சுகந்தி கேட்டாள், "மாமா, அதுக்குத் தெரியாதா?" "அதுக்கென்ன தெரியும் கண்ணு" என்றார், நுரையைப் பார்த்துக்கொண்டே. மோசமான மனிதர் இல்லை, அந்தக் கன்றுக்காக முதல் நாள் சாப்பிடாமல் படுத்தவர்தான். பம்பைக் கழற்றி ரப்பரைத் துடைத்து மறுபடி வைத்தாள். அவளுடைய குழந்தை ஒரு தடவைகூட மார்பில் வாய் வைத்ததில்லை. உறிஞ்சத் தெம்பு கிடையாது, மூக்கில் குழாய். முதல் நாளிலிருந்தே இந்தப் பம்புதான், இதே கிறீச், புட்டியை நவநீதன் ஓடிப்போய் நர்ஸிடம் கொடுப்பான், ஊசி இல்லாத சிரிஞ்சில் ரெண்டு மில்லி, மூன்று மில்லி என்று உள்ளே விடுவார்கள். ஐந்து மில்லி குடித்த அன்று அவன் படியில் உட்கார்ந்து அழுதான். ஆகவே மார்பைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை. அன்றும் பம்பு, இன்றும் பம்பு. குழந்தை செத்ததை அதற்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு யாரோ சொல்லிவிட்டார்களோ. சந்தேகம் ஒன்றும் இல்லை, வற்ற ஆரம்பித்துவிட்டது, இப்படித்தான் ஒரு காலை வேளையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும்.

மாமியாருக்கு இதில் வேறு கணக்கு. பல்லடத்திலிருந்து வாரம் ஒருமுறை பேசும்போது அக்கம்பக்கத்தாரிடம் சொல்வது காதில் விழும், "எம்பட மருமக புண்ணியம் சம்பாரிச்சுட்டு இருக்கறா." புண்ணியமும் சம்பாதிக்கிற வகைதான் போல, அதையும் இந்தக் கூட்டில் சேர்க்கச் சொல்லி ஐயாவுக்கு எழுதலாமா. எல்லோருக்கும் இந்தப் பாலில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. மாமியாருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு மருமகள், டிரஸ்டுக்கு ஒரு படம், நகைக்கடைக்கு ஒரு காலண்டர், விஜயாவுக்குத் துணி மடிக்கையில் ஒரு பேச்சு. நவநீதனுக்கு என்ன? பெண்டாட்டி ஏதோ செய்துகொண்டிருக்கிறாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை என்ற நிம்மதி, அதுகூட ஆதாயம்தானே. ஹெப்சிக்கு? அதுதான் பிடிபடவில்லை. சம்பளம் இல்லை என்கிறாள், பெட்ரோல்கூடக் கைக்காசு என்கிறாள். ஒன்றும் இல்லாமல் ஒருத்தி வெயிலில் ஊரைச் சுற்றுவாளா. அப்படிக் கேட்கும்போது சுகந்திக்குத் தன் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது கேள்வி. நீ ஒன்றும் இல்லாமலா கொடுக்கிறாய்? எவள் பிள்ளைக்கோ பசி ஆற வேண்டும் என்றா தினம் தினம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறாய்? அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை அவள். நினைத்தால் எரிச்சல்தான் வந்தது, பிழைத்துக்கொண்ட பிள்ளைகள் மேல். தாயாக இருப்பதை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கொள்ள அந்தப் பிள்ளைகளின் வாயைப் பயன்படுத்திக்கொள்கிறாள், இதற்கு வசைச் சொல் போதாது, பக்கம் முழுக்க நட்சத்திரம் போட வேண்டும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது, அதைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஆள் பதினோரு மணிக்கு வருகிறாள். சொல்லிவிட வேண்டியதுதான். போட்டோ வேண்டாம் அக்கா. பாலும் இன்றோடு நின்றுவிட்டது அக்கா. பெட்டியை எடுத்துக்கொண்டு இனி வர வேண்டாம். மாத்திரை அலமாரியில் இருக்கிறது, இரண்டே இரண்டு, இரண்டே நாள், எல்லாம் முடிந்துவிடும். பம்பை மெத்தைமேல் வைத்து ரவிக்கையைக் கொக்கி மாட்டினாள். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், சுவரில் ஓர் ஈரக் கோடு, அவ்வளவுதான்.

பத்து ஐம்பதுக்கே வாசல் மணி அடித்தது. முன்னால் வந்திருக்கிறாள், ஏன் முன்னால் வர வேண்டும், விஷயம் அவசரமா. ஹெப்சி அக்கா ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஐம்பது வயது முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. சுகந்தி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"இன்னைக்குப் பால் இல்லக்கா. வரவேயில்ல."

"வராட்டி பரவால்லம்மா. ஒரு நாள் அப்பிடித்தான் இருக்கும். தூங்கினியா ராத்திரி?"

"போட்டோவும் வேண்டாங்க்கா. அவருகிட்ட கேட்டீங்களாமே. என்னைக் கேட்டிருக்கலாம்."

ஹெப்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "தப்புத்தான். உங்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல, அதான் தம்பிகிட்ட சொன்னேன். அவரே வேண்டான்னுட்டாரு முந்தாநாளே போன்ல. டிரஸ்டு பெரிய சார்கிட்ட நானும் சொல்லிட்டேன், அந்தப் புள்ளைய விட்டுருங்கன்னு. அதைச் சொல்லத்தான் நேர்ல பேசணும்னேன்."

பால்கனியில் நின்று பேசியது மேனேஜரிடம் இல்லை என்று ஆயிற்று. சுகந்திக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைவசம் இருந்த ஆளும் நழுவுகிறாள், கட்டியவனும் நழுவிவிட்டான். விடக்கூடாது என்று மீதியையும் சொல்லிவிட்டாள்.

"இனிமேலும் வராதுன்னு நினைக்கறேன். மாத்திர போட்டுக்கலாம்னு இருக்கறனுங்க."

ஹெப்சி பெட்டியின் வாரைத் தோளில் மாட்டினாள், மாட்டியதைத் திரும்ப இறக்கினாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள். "உன் பாலைக் குடிச்சிட்டிருந்துதே ஒரு பாப்பா, அது நேத்து வீட்டுக்குப் போயிருச்சு. அவங்கம்மா உன்னைப் பத்திக் கேட்டுச்சு, பேர் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

பொய். சுகந்தியால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும் அது பொய் என்று. நாலைந்து தாய்மாரின் பாலை ஒன்றாக ஊற்றிக் கலந்து, சூடாக்கி, பரிசோதித்து, அப்புறம்தான் வார்டுக்கு அனுப்புவார்கள், யார் பால் யார் வயிற்றுக்குப் போனது என்று அங்கே இருக்கிற டாக்டருக்கே தெரியாது. முதல் நாள் இதே ஹாலில் நின்று விளக்கியவள் இதே ஹெப்சி. சொன்னதை மறந்துவிட்டாளா, இவள் மறந்திருப்பாள் என்று நினைத்தாளா, பால் நிற்கிற வீட்டில் எல்லாம் இதைத்தான் சொல்வாளா, எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாள், சொல்லச் சொல்லிக் கொடுத்தது யார். இதோ பிடிபட்டுவிட்டாய் என்று சொல்லத்தான் சுகந்தி வாயைத் திறந்தாள்.

"என்ன கொழந்தைங்க்கா?"

ஹெப்சியின் கண் ஒரு நொடி சன்னலுக்குப் போய்த் திரும்பியது. சுகந்தி அதையும் பார்த்தாள்.

"பொண்ணு."

"எத்தன கிலோ?"

"ரெண்டு நூறு. வரும்போது ஒண்ணு சொச்சந்தான் இருந்துச்சு. போறப்ப நல்லா கத்துச்சு, வார்டே காதைப் பொத்திக்கிச்சு."

"முடி இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. நெத்தி வரைக்கும் இருக்கு."

நெற்றிவரை. அது முழுப் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது, தான் கேட்கக் கேட்க ஹெப்சி ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கிறாள் என்பதும் தெரிந்தது, இருந்தும் இன்னும் கேட்க வேண்டும் போல இருந்தது, விரல் எப்படி இருக்கிறது, தூக்கத்தில் உதட்டைச் சுழிக்கிறதா. தோளுக்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. இடது பக்கம் சுரீரென்று இழுத்தது, பிறகு வலது. குனிந்து பார்க்க வேண்டியிருக்கவே இல்லை, ரவிக்கையின் சூடு வயிறுவரை இறங்குவது தெரிந்தது. ஹெப்சியும் பார்த்துவிட்டாள். பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை ஏதோ அதிசயம் போல உற்றுப் பார்த்தாள்.

சுகந்தி முந்தானையை இழுத்து மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

"பத்து நிமிசம் உக்காருங்க்கா, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.